வெந்நீர் ஊற்றும் விபூதித் தட்டும்

(தாம்பரத்தில் கூடிய பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஓர் உல்லாசப் பயணத்தைப் பற்றியதாகும். "சுயமரியாதைக்காரர்களும் ஸ்தல யாத்திரை புறப்பட்டுவிட்டார்களா?" என்று சிலர் கேலி பேசலாம். பேசட்டும். போனது உண்மைதான். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களிலிருந்து முப்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியேறி, இரவில் வீடு திரும்பினோம். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு வழிகாட்டியையும் அனுப்பி வைக்கும் ஒருநாள் சுற்றுலா அது. "இயற்கை அதிசயங்கள்" என்று துண்டு விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாங்கள் போனோம்.

தோழர்களே! அதிசயம் என்பது என்ன? காரணம் தெரியாத ஒரு காரியத்தைத்தான் அதிசயம் என்கிறோம். தெரியாதது ஒரு குற்றமல்ல. தெரியாததைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பவன் மனிதன். ஆனால் நம் நாட்டில் என்ன நடக்கிறதென்றால், தெரியாத இடத்தில் உடனே ஒரு சாமியின் பெயரை வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்ததும் கேள்வி நின்றுபோகிறது. கேள்வி நின்ற இடத்தில் தட்டு வந்துவிடுகிறது. தட்டு வந்தபின், யார் கிட்டே வரலாம், யார் எட்டி நிற்கவேண்டும் என்ற சட்டமும் வந்துவிடுகிறது. அன்று ஒரு நாளிலேயே இவ்வளவையும் கண்ணால் பார்த்தோம் என்பதற்காகவே இதைச் சொல்ல வந்தோம்.

வண்டி புறப்பட்டது பல்லாவரத்தில். எதிரே மலை. வழிகாட்டி அந்த மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, எல்லோரும் ஏறுங்கள்" என்றார். தோழர்களே, ஒன்றும் இல்லையாம்! அந்த மலையின் கல் உலகத்து மண்ணியல் புத்தகங்களிலெல்லாம் ஏறியிருக்கிறது. 1690-இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை ஏற்படுத்திய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். 1893-இல் தாமஸ் ஹாலந்து என்னும் மண்ணியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்த மனிதரின் பெயரால் அதற்குச் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகில் எங்கே இந்த ஜாதிக் கல் கிடைத்தாலும் அதற்கு இதுதான் பெயர். அதே பல்லாவரத்தில்தான் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், ஆதிமனிதன் செதுக்கிய கற்கோடரி ஒன்றைச் சரளைக் குழியில் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே ஆரம்ப ஆதாரமாயிற்று. இவ்வளவு பெருமையுள்ள இடத்தில் ஒரு புராணக் கதை இல்லை, ஆகவே உண்டியல் இல்லை, ஆகவே வழிகாட்டிக்கு அங்கே "ஒன்றும் இல்லை."

இந்தக் கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பூமியின் மேலே பிறந்ததல்ல. இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உண்டானது. மேலே இருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்துபோக, இது வெளியே வந்திருக்கிறது. பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நிற்க. செங்கற்பட்டு வழியாகப் போனோம். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய ஊர் அது. ஜாதிப் பட்டத்தை விட்டொழிப்பது என்றும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம் செய்த ஊர். வழிகாட்டிக்கு அங்கும் சொல்ல ஒன்றும் இல்லை. திருக்கழுக்குன்றம் வந்ததுந்தான் அவருக்கு வாய் திறந்தது.

அய்ந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறினோம். அந்தக் குன்றின்மேல் ஒரு காலத்தில் உச்சி வேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து பண்டாரம் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். சாபம் பெற்ற முனிவர்கள் அவர்கள் என்றும், காலையில் காசியில் குளித்து, நடுப்பகலில் இங்கே உண்டு, இராமேசுவரம் போய்விட்டு, இரவில் சிதம்பரத்தில் தங்குகிறார்கள் என்றும் கதை. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஆகும். அது போகட்டும். 1990-களின் இறுதியிலிருந்து அந்தக் கழுகுகள் வருவதில்லை. "ஏன் அய்யா வரவில்லை?" என்று வண்டியில் வந்த ஒரு பையன் கேட்டான். வழிகாட்டி சொன்னார்: "கலி முற்றிவிட்டது தம்பி! பாவம் பெருகிவிட்டது. புண்ணியாத்மாக்கள் இங்கே இருப்பார்களா?"

தோழர்களே! அந்தப் பையனுக்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தன. வெண்முதுகுக் கழுகு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இங்கே வந்துகொண்டிருந்த மஞ்சள் முகத்துக் கழுகின் இனமும் நாட்டில் மிகவும் குறைந்தது. அறிவாளிகள் பாவத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. செத்த கழுகை அறுத்துப் பார்த்தார்கள், சிறுநீரகம் கெட்டிருந்தது. மாட்டுக்கு வலி தீரக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அந்த மாடு செத்தபின் அதன் மாமிசத்தின் வழியாகக் கழுகின் உடம்பில் ஏறி அதைக் கொல்லுகிறது என்று 2004-இல் கண்டு வெளியிட்டார்கள். 2006-இல் இந்திய அரசு மாட்டுக்கு அந்த மருந்து செய்வதைத் தடை செய்தது. கழுகைக் கொல்லாத வேறு மருந்தையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். "பாவம்" என்ற பதிலோடு எல்லோரும் திருப்தியடைந்திருந்தால் மிச்சமிருக்கும் கழுகும் இன்று இராது. கழுகைச் சாமி என்று கும்பிட்டவர்களால் ஒரு கழுகையும் காப்பாற்ற முடியவில்லை. கழுகைப் பறவை என்று அறிந்தவர்களால்தான் முடிந்தது.

மலையடிவாரத்தில் சங்கு தீர்த்தம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதில் சங்கு பிறக்கிறதாம். 2024-இலும் பிறந்ததென்று கூட்டம் கூடிற்று. வெண்சங்கு கடலில் வாழும் பிராணி. உப்புநீர் இல்லாமல் அது பிழைக்காது. தூத்துக்குடிச் சங்குகுளிக்காரரைக் கேட்டால் சொல்லுவார். மழைநீர்க் குளத்தில் வாழும் நத்தை வேறு இனம். குளத்தில் தோன்றியது எது, எப்படி வந்தது என்று வலை போட்டுப் பார்க்க வேண்டியது உயிர்நூல் படித்தவர் வேலை. ஆனால் மேளம் வைத்து வரவேற்ற இடத்தில் வலைக்கு இடமேது? இந்தக் குளத்தில் மூழ்கினால் தீராத நோயெல்லாம் தீரும் என்றார் வழிகாட்டி. எங்கள் வண்டியில் வந்த நாகல்கேணிப் பக்கத்து அம்மையார் ஒருவர், தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்பவர், புடவையோடு மூன்று முழுக்குப் போட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

மாமல்லபுரத்தில் சரிவான பாறைமேல் உருண்டு விழுவதுபோல் ஒரு பெரிய குண்டுக்கல் நிற்கிறதே, அதற்குக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பெயர். சுமார் 250 டன் எடை என்கிறார்கள். "ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை, பகவான் பிடித்துக்கொண்டிருக்கிறார்" என்றார் வழிகாட்டி. அந்தக் கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அந்த இடத்துப் பாறையே அது. பெரும் பாறையில் வெடிப்பு விழுந்து, அவ்வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி, மூலையையும் விளிம்பையும் முதலில் அரித்து, அரித்தது போக மிச்சம் உருண்டையாய் நிற்கிறது. எடையின் மையம் அடித்தளத்துக்குள் விழுகிறது. அடியிலுள்ள உராய்வு சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளுகிறது. பிடித்துக்கொண்டிருப்பவர் பகவானல்ல, உராய்வு. அதற்குக் காணிக்கை வேண்டியதில்லை.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். திரும்பும் வழியில் வழிகாட்டி எங்கள் எல்லோருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். அடுத்த பயணம் வடநாட்டு வெந்நீர் ஊற்றுகளுக்காம். மணிகர்ண், ராஜகிருகம், வக்கிரேசுவரம் என்று பெயர்கள். "ஒரு முழுக்கில் சகல ரோக நிவாரணம்" என்று கொட்டை எழுத்து. நாகல்கேணி அம்மையார் அப்பொழுதே முந்தானையை அவிழ்த்து முன்பணம் கட்டினார்.

அந்த ஊற்றுகள் சூடாயிருப்பது மெய். பொய் என்று நாம் சொல்லவில்லை. இமாசலப் பிரதேசத்து மணிகர்ணில் அரிசியைத் துணியில் கட்டி ஊற்றில் விட்டால் சோறாகிவிடும். ஏன் சூடு? பார்வதியின் காதணி விழுந்து, ஆதிசேஷன் சீறினதால் என்கிறார்கள் வைதிகர்கள். குரு நானக் கல்லைப் புரட்டச் சொன்னதால் என்கிறார்கள் சீக்கியர்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு கதை! இரண்டும் மெய்யாயிருக்க முடியாது. ஆனால் சோறு மட்டும் இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே மாதிரி வேகிறது.

காரணம் என்ன? இப்பொழுது நம் பல்லாவரத்துக் கல்லை எடுங்கள். அதை வேகவைத்த சூடு பூமிக்குள் இன்றும் இருக்கிறது. பூமி உண்டானபோது அடைபட்ட சூடு ஒரு பங்கு. யுரேனியம், தோரியம் போன்ற பொருள்கள் பாறைக்குள் சிதைந்து தரும் சூடு ஒரு பங்கு. கீழே போகப் போகச் சூடு ஏறும். பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து முப்பது டிகிரி ஏறும். மழைநீர் பாறை வெடிப்பில் இறங்கி, ஆழத்தில் சூடேறி, வேறொரு வெடிப்பு வழியாக விரைந்து மேலே வந்தால் அது வெந்நீர் ஊற்று. வரும் வழியில் கந்தகத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருவதால் நாற்றமும் சுவையும் உண்டாகின்றன. வங்காளத்து வக்கிரேசுவரத்தில் ஊற்றோடு ஹீலியம் என்னும் வாயுவும் வெளிவருகிறது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பிறக்கும் வாயு அது. பூமிக்குள் நடப்பதற்கு அந்த வாயுவே சாட்சி.

இதற்குப் புத்தகம் படித்த சாட்சிதான் வேண்டுமென்பதில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளரைக் கேளுங்கள். வடாற்காட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் போன ஆதித்திராவிட மக்கள் அவர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பாறையே அறுபது டிகிரிக்கு மேல் காய்ந்த இடத்தில் நின்று அவர்கள் தங்கம் வெட்டினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரையில் தலைமுறை தலைமுறையாக அந்தச் சூட்டை முதுகில் வாங்கினார்கள். அங்கே எந்தத் தேவியின் காதணியும் விழுந்ததாக அவர்கள் சொல்லவில்லை. அதே சூடு தண்ணீரில் வந்தால் தீர்த்தம். தொழிலாளியின் உடம்பில் ஏறினால் கூலி வேலை!

தமிழர் நாட்டிலேயே உதாரணம் வேண்டுமானால் இலங்கைத் திருகோணமலைக்கு அருகே கன்னியா இருக்கிறது. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சற்று வெவ்வேறான சூடு. தாயின் கருமத்துக்காக இராவணன் வாளால் குத்தியதில் உண்டானவை என்று கதை. திருகோணமலை மக்கள் இறந்தோர் கடனை அங்கே செய்து வந்திருக்கிறார்கள். இப்பொழுதோ அது பவுத்த மடம் இருந்த இடம் என்று இன்னொரு கூட்டம் உரிமை கொண்டாட, 2019-இல் போராட்டமும் நீதிமன்ற வழக்கும் நடந்தன. அந்த மக்களுக்கு அந்த இடத்தில் உள்ள உரிமை மெய்யானது. அவர்கள் அங்கே வாழ்ந்ததால் வந்தது அது. இராவணன் வாளைச் சாட்சிக்கு அழைத்தால், எதிரி வேறொரு புராணத்தைச் சாட்சிக்கு அழைப்பான். புராணத்தைப் புராணத்தால் வெல்ல முடியாது. இலங்கையில் எரிமலை இல்லை. ஆழத்துச் சூட்டால் காய்ந்த மழைநீர்தான் அந்த ஏழு கிணற்றிலும் இருக்கிறது. அது சைவமும் அல்ல, பவுத்தமும் அல்ல.

தண்ணீருக்குச் சாமி பெயர் வைத்தால் ஜாதியும் வந்துவிடும் என்று சொன்னோமே, அதற்கு மகாட் சாட்சி. 1927 மார்ச் 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்தார். ஆடுமாடு குடித்த குளம் அது. மனிதன் குடித்ததும் கெட்டுப்போயிற்றென்று சாணமும் கோமூத்திரமும் ஊற்றிச் சுத்தி செய்தார்கள் மேல்ஜாதியார். பத்தாண்டு வழக்காடி 1937-இல்தான் உயர்நீதிமன்றத்தில் ஜெயம் கிடைத்தது.

மற்ற நாட்டார் பூமியின் சூட்டை என்ன செய்தார்கள்? இத்தாலியில் லார்டெரெல்லோ என்னும் ஊரில், தரையிலிருந்து சீறிவரும் ஆவியைக் கொண்டு 1904-இல் அய்ந்து மின்விளக்குகளை எரியவைத்தார்கள். பிறகு அங்கே மின்சார நிலையமே ஏற்பட்டது. அய்சுலாந்தில் பத்து வீட்டில் ஒன்பது வீடு பூமியின் வெந்நீரால் குளிர்காய்கிறது. ஜப்பானியர் ஊற்றில் குளிக்கிறார்கள். களைப்புத் தீர்கிறது, சுகமாயிருக்கிறது என்கிறார்கள். நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 2021-இல்தான் ஒப்பந்தம் செய்தார்கள். அவர்கள் ஆவியில் விளக்கேற்றினார்கள். நாம் ஆவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினோம்.

வெந்நீரில் குளித்தால் மூட்டுவலிக்குச் சற்று இதமாயிருக்கும். அது வெந்நீரின் குணம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அதே குணந்தான். ஆனால் "சகல ரோக நிவாரணம்" என்கிறார்களே, அது வெறும் புரட்டல்ல, கொலை. ஏன் என்று சொல்லுகிறோம்.

அந்த நாகல்கேணி அம்மையாருக்கு வந்திருப்பது காசநோய். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். இருமல் நின்றிருக்கிறது. உடனே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிடவேண்டும். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறி வரலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவலாம். வண்டியில் இதைக் கேட்டதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவர் மூடநம்பிக்கையைக் கேலி செய்தோம். "சேஷன் மூச்சு விட்டால் காசம் போய்விடுமா அம்மா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தோம். அந்த அம்மையார் திருப்பிக் கேட்டார்:

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. மாத்திர போட்டா வயித்தப் பொரட்டுது. ரெண்டு நாள் படுத்துட்டா கூலி போச்சு. இவரு ஒரு முழுக்குல போயிடும்னு சொல்றாரு, நான் நம்புறேன். நீங்க ஒரு வருசமா எங்க தெருவுலதான் மீட்டிங் போடுறீங்க. ஒரு நாளாச்சும் என்னா மருந்து சாப்புடுறேன்னு கேட்டீங்களா?"

தோழர்களே! அன்று முழுவதும் வழிகாட்டியை மடக்கிக்கொண்டே வந்த முப்பது பேருக்கும் அதற்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

நாம் குடியிருப்பது எந்த ஊரில்? 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்கென்று சானடோரியம் ஏற்படுத்திய தாம்பரத்தில். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டுபிடித்தார். 1950-களில் நம் சென்னையில்தான் நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும், ஒரு பகுதியாரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பகுதியாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம் ஏற்பட்டது என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தார்கள். நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் தேடி ஏழை மலையேற வேண்டாம், மருந்து ஒழுங்காய்ப் போனால் போதும் என்று உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் இது. அந்த மருத்துவமனைக்கும் அந்த அம்மையார் வீட்டுக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை நாம் கடந்து போகாததால், இடையில் ஒரு துண்டு விளம்பரம் புகுந்துகொண்டது.

மறுநாள் திங்கட்கிழமை எங்கள் பெண் தோழர் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வயிற்றைப் புரட்டுவதற்கு வழி சொன்னார்கள். சளியைச் சோதித்து மறுபடியும் மருந்து ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தெருத் தோழர்கள் அரிசி கொடுக்கிறார்கள். இப்பொழுது நான்காவது மாதம் நடக்கிறது. கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை. "வராட்டி போகட்டும், நீங்க ஒருநாள் என்னை நெசமாவே அந்த வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிப் போகணும், சும்மா பாக்க" என்கிறார். அவசியம் போகவேண்டியதுதான். பார்க்க வேண்டிய காட்சிதான் அது.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது, பயணம் போகாதீர்கள் என்பதல்ல. மலையும் ஊற்றும் கடலும் நம் எல்லோருக்கும் சொந்தம். போங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். போன இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இது எப்படி உண்டாயிற்று? இதில் வரும் பணம் யாருக்குப் போகிறது? இங்கே வரக்கூடாதென்று யாராவது தடுக்கப்பட்டிருக்கிறார்களா? கதை சொல்லுகிறவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லமாட்டார். அடுத்த மாதம் பம்மல், பல்லாவரம் பள்ளிப் பிள்ளைகளை, மண்ணியல் படித்த ஆசிரியர் ஒருவரோடு பல்லாவரம் மலைக்கு அழைத்துப் போகத் தீர்மானித்திருக்கிறோம். கட்டணம் இல்லை. "ஒன்றும் இல்லை" என்று வழிகாட்டி சொன்ன மலையிலிருந்தே ஆரம்பிப்போம்.

நம் தோழர்களுக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதை ஊற்றங்கரையில் கேட்கவேண்டியதில்லை. நம் தெருவில் கேட்கவேண்டும். "அம்மா, மருந்து சாப்பிட்டீர்களா?" என்பதே அது. அதைக் கேட்காதவனுக்கு மற்ற மூன்றையும் கேட்கும் யோக்கியதை இல்லை.